திரீ நாட் திரீ ரைஃபிளின் ஊரும் வயதும்: ஓர் ஆர்மரர் படிக்கும் முறை

முதலில் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி வையுங்கள். தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் தண்டான போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள். அது போதாது, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவியும் பாருங்கள். நாற்பது வருடமாகப் பரணில் கிடந்தது, யாரும் தொட்டதில்லை என்று வீட்டார் சொல்வதை நம்பி இந்த வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகும் துப்பாக்கியின் வாய் ஆள் இல்லாத பக்கம்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் பழக்கமில்லாதவர் கையே வைக்க வேண்டாம்; தெரிந்தவர் ஒருவரை அழைத்து வாருங்கள். இத்தனை காலம் காத்திருந்த துப்பாக்கி இன்னும் இரண்டு நாள் காத்திருக்கும்.

நான் மாவட்ட ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி, 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று காவல்துறையில் நாங்கள் சொல்லும் ஆயுத அறையிலேயே கழிந்தது. அங்கே என் கை வழியாகப் போனவற்றில் மிகுதியானது .303 லீ-என்ஃபீல்டு. வாய்வழக்கில் 'திரீ நாட் திரீ'. இந்தியக் காவல்படைகள் இந்த ரைஃபிளை மிக நீண்ட காலம் தோளில் சுமந்தன. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்ததே 2020 குடியரசு நாளில்தான். ஆகவே நம் நாட்டில் பழைய போல்ட் ரைஃபிள் ஒன்று கண்ணில் பட்டால், அது அருங்காட்சியகமாக இருந்தாலும் படைப்பிரிவு வாசலாக இருந்தாலும், இந்தக் குலத்தைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் இந்த ஒரு குலத்தை எப்படிப் படிப்பது என்றே சொல்கிறேன்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வயது கேட்டு என்னிடம் வருபவர்களில் பலர், நூறு ஆண்டு ஆகிவிட்டால் உரிமம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வழக்கொழிந்த, தொன்மையான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடும் ஆயுதமாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. தாத்தாவின் பெட்டியில் எதிர்பாராமல் ஒன்று கிடைத்தால், முதலில் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். ஆராய்ச்சி பிறகு.

சாக்பீஸும் சாய்ந்த வெளிச்சமும்

கருவிகள் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, பழைய நைலான் பல் துலக்கி, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு, பருத்தித் துணி, வெள்ளை சாக்பீஸ், ஒரு நோட்டு.

தூசியை எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். எழுத்து இருக்கும் இடத்தில் பல் துலக்கியை மெதுவாக ஓட்டுங்கள். எண்ணெய் நன்றாக உலர்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்கையாகப் பிடித்து அந்த இடத்தின் மேல் பூசி, விரல் நுனியால் மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். பள்ளத்தில் தங்கும் வெள்ளை, எழுத்தை எழுப்பிக் காட்டும். டார்ச்சை நேராக அடித்தால் எதுவும் தெரியாது. உலோகத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் நிழல் விழுந்து எழுத்து திடீரென்று எழுந்து நிற்கும். கோயில் சுவரில் கல்வெட்டு படிப்பவர்கள் மாலை வெயிலுக்குக் காத்திருப்பார்களே, அதே காரணம்தான். எழுத்து மிகவும் தேய்ந்திருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து மைப்படி போலவும் எடுக்கலாம்.

உப்புத்தாள், கம்பித் தூரிகை, துரு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம். புளியும் செங்கல் தூளும் வேண்டவே வேண்டாம். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

முதல் வாசிப்பு: பட் சாக்கெட்

போல்ட்டின் கைப்பிடி மடங்கி இறங்கும் இடத்துக்கு நேர் கீழே, தோளில் பதியும் மரப் பகுதியான பட்டும் இரும்பு உடலும் சேரும் இடத்தில் வளையம் போல ஓர் இரும்புப் பகுதி இருக்கும். அதுதான் பட் சாக்கெட். அதன் வலப்பக்கத்தைப் பாருங்கள். லீ-என்ஃபீல்டின் பிறப்புப் பதிவு மேலிருந்து கீழாக ஐந்து வரியில் அங்கே அடிக்கப்பட்டிருக்கும்: கிரீடம், அரசரின் எழுத்து, தொழிற்சாலை, ஆண்டு, மாதிரி.

நான் பணியில் சேர்ந்த புதிதில் என் கையில் கொடுக்கப்பட்ட ஒரு ரைஃபிளில் இருந்தது இது: கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.; அடுத்து என்ஃபீல்டு; அடுத்து 1917; கடைசியில் ஷார்ட் லீ-என்ஃபீல்டு என்பதன் சுருக்கமும், மூன்று செங்குத்துக் கோடும், ஒரு நட்சத்திரமும்.

வரி வரியாக வாருங்கள். கிரீடத்தின் கீழுள்ள எழுத்து ஆட்சியைச் சொல்கிறது. வி.ஆர். என்றால் விக்டோரியா, அவர் மறைந்தது 1901 ஜனவரியில். ஈ.ஆர். ஏழாம் எட்வர்டு, 1910 வரை. ஜி.ஆர். என்பது 1910 முதல் 1936 வரை ஐந்தாம் ஜார்ஜுக்கும், 1936 டிசம்பர் முதல் ஆறாம் ஜார்ஜுக்கும் பொது. இருவரையும் ஆண்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எழுத்து ஜி.ஆர்.ஐ. என்று மூன்றாக இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அந்தக் கடைசி 'ஐ' பேரரசர் என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து. இந்தியாவின் பேரரசர் என்ற பொருளில், இந்தியாவில் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் அடித்தார்கள். அப்படியானால் கீழே இஷாப்பூர் என்று இருக்க வேண்டும். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் 1904இல் தொடங்கப்பட்ட ரைஃபிள் தொழிற்சாலை அது. நாடு விடுதலை பெற்ற பிறகு கிரீடம் போய் அசோகத் தூணின் சிங்கங்கள் வந்தன. ஊர்ப் பெயரின் இடத்தில் ஆர்.எஃப்.ஐ. என்ற மூன்றெழுத்து வந்தது. சிங்கம் தெரிந்தால் அந்த உடல் நம் காலத்துப் பிள்ளை.

எங்கள் ஊர் திருச்சி. இங்கேயும் படைக்கலத் தொழிற்சாலை இருப்பதால், "இது நம்ம ஊரில் செய்ததுதானே" என்று பெருமையோடு கேட்பவர்கள் உண்டு. திருச்சித் தொழிற்சாலை 1960களில் எழுந்தது. நம் நாட்டில் .303 லீ-என்ஃபீல்டு பிறந்த ஊர் இஷாப்பூர்தான்.

மற்ற பெயர்களில் என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலை. பி.எஸ்.ஏ. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். மோட்டார் சைக்கிளால் நமக்குப் பழகிய அதே நிறுவனம். எல்.எஸ்.ஏ. லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ். லித்கோ ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் உள்ள ஊர். அங்கே தொழிற்சாலை 1912இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து லித்கோ துப்பாக்கிகள் பலவற்றில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக எம்.ஏ. என்ற இரண்டெழுத்து மட்டும் இருக்கும்.

கடைசி வரிக்கு வருவோம். குட்டை லீ-என்ஃபீல்டு 1902 இறுதியில் ஏற்கப்பட்டது; அதற்கு முன்பு நீளக் குழல் கொண்ட லீ-என்ஃபீல்டு 1895இலிருந்து இருந்தது. மூன்று கோட்டால் குறிக்கும் மார்க் 3 வந்தது 1907இல். அதன் உடலின் வலப்பக்கம், மேகசினுக்கு மேலே, கட்-ஆஃப் என்ற தகடு ஒன்று உள்ளும் வெளியும் நகரும். மேகசினில் உள்ள பத்துத் தோட்டாவையும் காப்பாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுவதற்காக வைத்தது. குழலுக்குக் கீழே உள்ள மரமான முன்கட்டையின் இடப்பக்கத்தில் தொலைதூரக் குறிக்கான வட்டத் தகடு ஒன்றும் இருக்கும். முதல் உலகப் போரில் படைக்கு ரைஃபிள் போதவில்லை. வேகமாகச் செய்ய வேண்டும் என்பதற்காக 1916 முதல் இவற்றையெல்லாம் விட்டுவிட்டார்கள். குறி பார்க்கும் பின் குறியான பேக் சைட்டில் காற்றுக்குத் திருத்தும் திருகும் போயிற்று. அப்படிச் சுருக்கியதற்கு அடையாளம்தான் அந்த நட்சத்திரம். மார்க் 3* என்று சொல்வார்கள். ஆகவே நட்சத்திரம் உள்ள உடலில் கட்-ஆஃப் வெட்டு இருந்தால் குழம்ப வேண்டாம்; முன்பே வெட்டி வைத்த உடல்களையும் போரில் வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டார்கள்.

குழலுக்கு வேறு வயது

அந்த 1917 ரைஃபிளை நான் சாக்பீஸ் போட்டுப் படித்துவிட்டு, "முதல் உலகப் போர்த் துப்பாக்கி, ஏட்டையா" என்று சொன்னேன். எங்கள் ஆர்மரர் ஏட்டையா ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர். பதில் பேசாமல் துப்பாக்கியை வாங்கி மேசையில் கிடத்தினார். பேக் சைட்டுக்குப் பின்னால் குழலை மூடியிருக்கும் மரக் கைமூடியை இரண்டு கட்டைவிரலாலும் ஒரே அழுத்தமாக, இரு பக்கமும் சமமாகத் தூக்கிக் கழற்றினார். கீழே குழல் உடலுக்குள் திருகி நுழையும் தடித்த பகுதி தெரிந்தது. இடப்பக்கத்தில் சாக்பீஸைத் தடவினார். '49' என்று வந்தது.

"தம்பி, உடம்புக்கு வயது சொன்னாய். குழலுக்கு?" என்றார்.

குழல் தேயும் பொருள். ஆயிரக்கணக்கில் சுட்ட பிறகு உள்ளே உள்ள சுழல் பள்ளம் மழுங்கிவிடும். கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுவார்கள். குழல் செய்த ஆண்டு, பெரும்பாலும் கடைசி இரண்டு இலக்கமாக, அந்த இடத்தில் இருக்கும். பட் சாக்கெட்டும் குழலும் ஒரே ஆண்டு, அல்லது ஓராண்டு இடைவெளி என்றால் அது பிறந்தபோது போட்ட குழலாக இருக்கலாம். பல ஆண்டு தள்ளி இருந்தால் அந்தத் துப்பாக்கி ஒரு முறையாவது பணிமனைக்குப் போய் வந்திருக்கிறது. பெரிய பழுதுபார்ப்பு நடந்தவற்றில் எஃப்.டி.ஆர். என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஆண்டும், பெரும்பாலும் சாக்கெட்டின் இடப்பக்கத்தில் இருக்கும். தொழிற்சாலையில் முழுமையாகப் பிரித்துச் சீர்செய்தது என்று பொருள். அந்த ஆண்டைப் பிறந்த ஆண்டாக எழுதி வைத்திருக்கும் காட்சிப் பலகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கைமூடியைக் கழற்றுவதில் மிகுந்த கவனம் வேண்டும். உள்ளே எஃகுக் கவ்வி குழலைப் பிடித்திருக்கும். உலர்ந்த பழைய மரத்தை ஒரு பக்கமாக நெம்பினால் நீளவாக்கில் பிளந்துவிடும். எண்ணெய் தொட்டு ஒரு நாள் விட்டுப் பிறகு முயலுங்கள். அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்; ஓர் ஆண்டு எண்ணுக்காக நூறு ஆண்டு மரத்தைப் பிளப்பது நியாயமில்லை.

எண்கள் பேசும் விதம்

தொடர் எண்ணை ஒரே இடத்தில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். குழலிலும், உடலின் முன்வளையத்தில் வலப்பக்கமும், போல்ட் கைப்பிடியின் பின்புறமும், பேக் சைட் தகட்டின் அடியிலும், குழல் வாயருகே உள்ள உலோக மூடியான நோஸ் கேப்பிலும், முன்கட்டையின் அடியில் வாய்ப்பக்கமும் அதே எண் இருந்ததா என்று பாருங்கள். எல்லாம் ஒன்றானால் துப்பாக்கி பிரியாமல் வாழ்ந்திருக்கிறது. ஓர் எண்ணின் மேல் குறுக்கே கோடு அடித்துப் பக்கத்தில் வேறு எண் இருந்தால், அந்தப் பாகம் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது. கோடு அடித்துத் திருத்திய ஆர்மரர் ஒழுங்கான வேலைக்காரர். போல்ட் எண் மட்டும் வேறாக, திருத்தமும் இல்லாமல் இருந்தால், எப்போதோ சுத்தம் செய்து அடுக்கும்போது இரண்டு துப்பாக்கிகளின் போல்ட் மாறிவிட்டது என்று பொருள். காவல்படை அறைகளில் இது நடந்திருக்கிறது. அது அழகுக் குறை மட்டுமல்ல. போல்ட்டும் உடலும் சேர்த்து அளந்து பொருத்தப்பட்டவை என்பதால் அந்தத் துப்பாக்கியைச் சுடவே கூடாது.

எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டு கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எழுத்தும் நான்கு இலக்கமுமான தொடர்கள் திரும்பத் திரும்ப ஓடின. வேறு வேறு தொழிற்சாலைகள் ஒரே எண்ணை அடித்திருக்கின்றன. தொழிற்சாலையும் ஆண்டும் சேர்ந்தால்தான் எண்ணுக்கு உயிர்.

அம்பு யாருடையது

பிரிட்டிஷ் அரசு உடைமை எல்லாவற்றுக்கும் ஒரு சிறு அம்புக்குறி உண்டு, கோழிக்கால் போல மூன்று கோடு. உடலிலும் மரத்திலும் அதைத் தேடுங்கள். செய்த ஊரை சாக்கெட் சொல்லும். யாரிடம் வேலை செய்தது என்பதை அம்பு சொல்லும். அம்பின் கீழ் 'ஐ' என்ற எழுத்து இருந்தால் இந்திய அரசின் உடைமை. 'சி' என்ற எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு 'டி'களுக்கு நடுவில் அம்பு ஆஸ்திரேலியா. 'என்', 'இசட்' நடுவில் நியூசிலாந்து. 'யூ'வுக்குள் அம்பு தென்னாப்பிரிக்கா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினாற்போல் இருந்தால், அரசுப் பணியிலிருந்து விற்று விடுவிக்கப்பட்டது என்று பொருள். எங்கள் 1917 ரைஃபிளில் அம்பும் 'ஐ'யும் இருந்தன. இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இங்கேயே பழுதாகி, இங்கேயே குழல் மாற்றிக்கொண்டது.

படைப்பிரிவின் அடையாளத்தை மூன்று இடங்களில் தேட வேண்டும். பழைய பட்டின் வலப்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டப் பித்தளை வில்லை பதித்திருப்பார்கள். போர்க்காலத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள் என்பதால் பலவற்றில் வெறும் பள்ளமோ, அதுவும் இல்லாமலோ இருக்கும். இரண்டாவது, மரத்தில் அடித்த முத்திரைகள். மூன்றாவது, தோளில் பதியும் பித்தளைப் பட் தகட்டின் மேல்நாக்கு. படைப்பிரிவின் பெயர்ச் சுருக்கமும் அடுக்கு எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். நடுவில் உள்ள சிறு கதவைத் திறந்தால் பட்டுக்குள் எண்ணெய்ப் புட்டியும் குழலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிறும் வைக்கும் பொந்து. பழைய துண்டுச் சீட்டு ஏதும் கிடைத்தாலும் கிடைக்கும்; மறக்காமல் பாருங்கள்.

இந்தியப் பணிமனைகளின் கைவரிசை

சாக்கெட் இங்கிலாந்து என்று சொன்னாலும், இந்தியாவில் நாள் கழித்த துப்பாக்கியை உடனே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்கட்டையில், மேகசினுக்கு அருகே, மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி ஓடியிருக்கும். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூர்க்காரர்கள் போட்டது. 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் அதைச் சொல்கிறார்கள்.

முன்கட்டையைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி சுற்றியிருந்தால் அது எறிகுண்டு ஏவ ஒதுக்கிய துப்பாக்கி. வெடிப்பின் அழுத்தத்தில் மரம் சிதறாமல் இருக்கச் சுற்றியது. வெள்ளைப் பட்டை பூசி, டி.பி. என்று எழுதியிருந்தால் பயிற்சி அணிவகுப்புக்கு மட்டுமானது. என்.சி.சி. மாணவர்கள் தோளில் ஏந்தி நடந்தவை இந்த வகை. அவற்றில் குழலில் துளை போட்டோ, தோட்டாவை அடிக்கும் ஊசியை நறுக்கியோ வைத்திருப்பார்கள்.

இனி வருவது பலரை ஏமாற்றும் ஒன்று. வெளியே பார்த்தால் அச்சு அசலாக .303. டார்ச்சை அறைப்பக்கம் காட்டி வாய்ப்பக்கம் பார்த்தால் சுழல் பள்ளமே இருக்காது. கண்ணாடிக் குழாய் போல வழவழப்பாக இருக்கும். தேய்ந்துபோன குழல் என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் என்று .303ஐயே .410 அளவு மஸ்கெட்டாக இஷாப்பூரில் மாற்றினார்கள். ஒற்றைத் தோட்டா, மேகசின் இடத்தில் பெரும்பாலும் மரக்கட்டை அடைத்திருக்கும். ஆட்சியாளர்களின் அச்சம்தான் காரணம்: துப்பாக்கி பறிபோனாலும் அது ராணுவ ரைஃபிளாகப் பயன்படக் கூடாது. அடக்குமுறையின் கணக்கு ஒன்றை ஒரு குழலின் உட்பரப்பில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. தனியார் உரிமத்துக்கு வந்த .315 ரைஃபிளின் பின்னாலும் இதே எண்ணம்தான், இஷாப்பூர் .315இன் போல்ட்டும் உடலும் லீ-என்ஃபீல்டு வழி வந்தவை. தாத்தாவின் உரிமப் புத்தகம் இருந்தால் அதில் அளவு என்ன என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று 2ஏ1 என்ற இஷாப்பூர் ரைஃபிள். முகம் 1907ஆம் ஆண்டு மாதிரி, பிறந்ததோ 1960களில். 1962இல் சீனப் போரில் பட்ட அடிக்குப் பிறகு, புதிய 7.62 தோட்டாவுக்கு ஏற்ப, வலுவான எஃகில் இஷாப்பூர் செய்தது. ராணுவத்துக்கென்று உருவான கடைசி போல்ட் ரைஃபிள்களில் ஒன்று. அடையாளம் எளிது. மேகசின் பழையதைப் போலச் சரிந்து வளையாமல் பெட்டி போல மூலையோடு இருக்கும். சாக்கெட்டில் 7.62 என்ற எண் இருக்கும். பேக் சைட்டின் அளவுக்கோல் 800 வரை இருந்தால் 2ஏ1. 2000 வரை இருந்தால் அதற்குச் சற்று முந்திய 2ஏ. இதை இரண்டாம் உலகப் போர்த் துப்பாக்கி என்று அறிமுகம் செய்பவர்களைத் திருத்துங்கள். நம் தொழிலாளர்கள் செய்த வேலை; அதற்குரிய பெயர் அதற்குக் கிடைக்க வேண்டும்.

நம்பர் 4, நம்பர் 5

பேக் சைட் குழலின் மேல் இல்லாமல், கண்ணுக்கு அருகே உடலின் பின்பக்கத்தில் துளைத் தகடாக நின்றால் அது லீ-என்ஃபீல்டின் பிந்தைய மாதிரியான நம்பர் 4. இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. இதில் சாக்கெட்டின் இடப்பக்கத்தையும் உடலின் இடச்சுவரையும் படிக்க வேண்டும். இடச்சுவரில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று இருந்தால் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் செய்தது. போரில் பிரிட்டனுக்கு உதவியாக அனுப்பியதால் அந்த முத்திரை. அதன் தொடர் எண்ணின் நடுவில் 'சி' என்ற எழுத்து வரும். தொழிற்சாலை இருந்த சிக்கோப்பி ஃபால்ஸ் என்ற ஊரின் முதலெழுத்து. நடுவில் 'எல்' வந்தால் கனடாவில் டொராண்டோவுக்கு அருகே லாங் பிராஞ்ச். எம்47சி என்ற மறைகுறி பி.எஸ்.ஏ.வின் ஷர்லி தொழிற்சாலை. எதிரி விமானத்துக்கு இடம் தெரியக் கூடாது என்று பெயருக்குப் பதில் குறியீடு. போல்ட்டின் தலையில் 0, 1, 2, 3 என்று ஓர் எண் இருக்கும். அது ஆண்டோ வரிசையோ அல்ல, தலையின் நீள அளவு.

நம்பர் 5 குட்டையானது; வாயில் கூம்பு வடிவில் சுடர் மறைப்பான், தோளில் ரப்பர். 1944இல் தொடங்கிச் சில ஆண்டுகளே செய்தார்கள். மின்பென்சிலால் மெலிதாக எழுதியிருப்பதால் அதன் ஆண்டு சீக்கிரம் மறைந்துவிடும். சாய்ந்த வெளிச்சம் இங்கேதான் கைகொடுக்கும். நம்பர் 4ஐ நறுக்கி நம்பர் 5 என்று விற்றவர்கள் உண்டு. உண்மையான நம்பர் 5இல் எடை குறைக்க உடலிலும், குழலின் தடித்த பகுதியிலும் குடைந்து எடுத்திருப்பார்கள். நறுக்கியவர்கள் அந்தக் குடைவைச் செய்ய மெனக்கெடுவதில்லை.

ஜெர்மன் மவுசரோ ரஷ்ய மோசினோ கையில் கிடைத்தாலும் வாசிக்கும் ஒழுங்கு மாறாது, இடம்தான் மாறும். முதல் உலகப் போர்க்கால மவுசரில் தொழிற்சாலையும் ஆண்டும் உடல் வளையத்தின் உச்சியில் இருக்கும். ஜப்பானிய அரிசாக்காவில் வகைப் பெயரே காலக்கணக்கு. வகை 38 என்பது மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டு, 1905. வகை 99 என்பது ஜப்பானியப் பேரரசுக் கணக்கின் 2599, நம் 1939. அது மாதிரி ஏற்கப்பட்ட ஆண்டு. அந்தத் துப்பாக்கி செய்யப்பட்ட ஆண்டு அல்ல.

பொய் சொல்லும் எழுத்து

கைபர் கணவாய்ப் பகுதியில், குறிப்பாக தர்ரா ஆதம் கேலில், கைவேலையாகவே லீ-என்ஃபீல்டைச் செய்யும் பட்டறைகள் தலைமுறைகளாக உண்டு. கை வித்தையை நான் மதிக்கிறேன். ஆனால் எழுத்தில் அவர்கள் பிடிபடுவார்கள். தொழிற்சாலை முத்திரை ஒரே அடியில் விழுந்தது. ஆழம் சமம், வரி நேர். கைவேலையில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டு மேலும் கீழும் அசையும். என்ஃபீல்டின் ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும். குட்டை ரைஃபிளின் மேல் வி.ஆர். என்று இருக்கும். குட்டை ரைஃபிள் வருவதற்கு முன்பே விக்டோரியா மறைந்துவிட்டார் என்பது முன்பே சொன்ன கணக்கில் இருக்கிறது. கிரீடத்தையும் ஆண்டையும் மாதிரியையும் ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அவற்றின் எஃகை நம்பிச் சுடுவது உயிரோடு விளையாடுவது.

அட்டை

படித்ததை உடனே எழுதுங்கள். படம் எடுத்தாலும் எழுதுங்கள். படத்தில் தெரியாத கோடு விரலுக்குத் தெரியும். ஒரு துப்பாக்கிக்கு ஒரே ஆண்டு என்று எழுதாமல், பாகத்துக்கு ஒரு வரி விடுங்கள். ஊகத்தைத் தனியாக வையுங்கள், தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள்.

அந்த 1917 ரைஃபிளின் பட் தகட்டில், நான் சேர்ந்தபோது, மங்கலாகச் சில எழுத்துகள் இருந்தன. அப்போது எனக்கு அதன் மதிப்பு தெரியாது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் முந்தின இரவு எல்லாத் தகடுகளையும் பளபளக்கத் துலக்குவோம். எனக்கு முன்னால் எத்தனையோ கைகள் துலக்கின, பிறகு என் கையும் சேர்ந்து துலக்கியது. எந்தப் படைப்பிரிவு அதைச் சுமந்தது என்று படிக்கக் கற்றுக்கொண்ட ஆண்டில், படிக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. சாக்பீஸ், டார்ச், மைப்படி எல்லாம் செய்து பார்த்தேன். தகடு கண்ணாடி போல என் முகத்தைக் காட்டியது. அதற்கு நான் எழுதிய அட்டை என் நோட்டில் இன்றும் இருக்கிறது:

உடல்: என்ஃபீல்டு, 1917, மார்க் 3*. உடைமை: இந்தியா. குழல்: 1949. போல்ட்: எண் பொருந்தவில்லை. முன்கட்டை: பழைய எண் அடித்துத் திருத்தப்பட்டது, குறுக்குத் திருகாணி உண்டு. மேகசின்: குறி இல்லை. பட் வில்லை: இல்லை. பட் தகடு: எழுத்து இருந்தது, துலக்கியதால் அழிந்தது.